ஆண் ஆமைக்குக் கருவி பூட்டுவதில்லை

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாப்பம்" என்று சொல்லிவிட்டு வைத்தேனே, அந்தப் பாப்பத்துக்குப் பதில்தான் இது. போனில் சொன்னால் நீ பாதியில் மறிப்பாய், நான் ஏசுவேன், கடைசியில் சாப்பிட்டாயா, சாப்பிட்டீங்களா என்று மாறி மாறிக் கேட்டு முடித்துவிடுவோம். கடிதத்தை யாரும் இடையில் மறிக்க ஏலாது. வாசித்து முடித்ததும் துஷாந்தியிடமும் கொடு. அவள் வாசிக்கக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை. மாமா கேட்டாலும் கொடு. தன் தங்கச்சியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனுசனுக்கு எழுத்திலேயே கிடைத்தால் வசதிதானே.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பார். "நீங்க எங்களோட வந்து இரிக்க ஓம் எண்டு சொன்னாத்தான் நாள் வைப்பன். இல்லாட்டி இந்தக் கலியாணம் அப்பிடியே கிடக்கட்டும் அம்மா" என்றாய். கரடியனாற்றில் துஷாந்தி என்று ஒரு பெண்பிள்ளை உன்னை நம்பி வருஷக்கணக்காய்க் காத்திருக்கிறாள். அவளுடைய தாயும் தகப்பனும் தங்கள் வளவுக்குள்ளேயே அவளுக்கு வீடு கட்டி முடித்துவிட்டு, நாள் வைப்பதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனையையும் கொண்டுவந்து என் நாக்கு நுனியில் வைத்துவிட்டாய். பாசத்தால்தான் செய்தாய், தெரியும். ஆனாலும் நான் கோபப்பட்டேன்.

நம்முடைய வழக்கம் உனக்குத் தெரியாதது இல்லை. வீடு பெண்ணுக்கு. ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்ணின் வீட்டுக்குப் போவான். உன் அப்பாவும் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து இந்த எழுவான்கரைக்கு, என் வீட்டுக்கு, ஒரு சூட்கேசும் ஒரு சைக்கிளுமாய் வந்து சேர்ந்தவர்தான். நீ பிறந்தபோது என்னோடு வேலை செய்த மிட்வைஃப்மார் ஆஸ்பத்திரிக்கு வந்து எனக்கு ஆறுதல் சொன்னார்கள். வேறு ஊர்களில் பெண் பிறந்தால் முகத்தைச் சுழிப்பார்களாம். இங்கே கட்டிலைச் சுற்றி நின்று, "பொடியனா? பறுவாயில்ல, அடுத்தது பொம்புளப் புள்ளயா வரும், வீட்டுக்கு ஆள் வேணுமே" என்றார்கள். நான் சிரித்தேன். அடுத்தது வரவில்லை. நீ பத்தாம் வகுப்புப் படிக்கும்போது உன் அப்பா நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமல் விட்டுவிட்டார். சுனாமியில் கடல் வந்து போன பிறகு அவரும் நானும் கல்லுக் கல்லாய்த் திரும்பக் கட்டிய வீட்டில் நீயும் நானும் மிஞ்சினோம். அப்போதே எனக்குத் தெரியும், நீயும் ஒரு நாள் ஒரு சூட்கேசோடு போவாய் என்று. ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அது வரும்போது நோகாது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன் பார், அதுதான் மடத்தனம்.

பென்ஷன் எடுத்த பிறகு நான் ஆமைக்குப் பின்னால் போனதை நீ ஒரு விளையாட்டாகத்தான் எடுத்தாய். "அம்மாக்குப் பிரசவம் பாக்க ஆள் கிடைக்கல்ல, ஆமையப் புடிச்சிட்டா" என்று துஷாந்திக்குச் சொல்லிச் சிரித்தாயாம். கடலாமைகளை ஆராய்கிற குழுவிலிருந்து நிரோஷா என்ற பிள்ளை வந்து, விடியும்போது கரையில் நடந்து தடம் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, எனக்கு அந்த வேலை பிடித்தது ஒரே ஒரு காரணத்துக்காக. வெள்ளென எழும்புவதற்கு ஒரு முகாந்திரம் கிடைத்தது. வேலைக்குப் போன காலத்தில் எத்தனை படலைகள் என்னைப் பார்த்துத் திறந்தன. மிஸ் வாறா, மிஸ் வாறா என்று கதிரை எடுத்துப் போடுவார்கள். பென்ஷன் வந்த அடுத்த நாளே அந்தப் படலைகள் இன்னொருத்திக்குத் திறக்கத் தொடங்கிவிட்டன. அது நியாயம்தான். ஆனால் எனக்குக் காலை வந்தால் போவதற்கு இடம் இல்லாமல் போனது.

இந்தத் தாய்மாருக்கு மிட்வைஃப் தேவையில்லை. பேராமை இருட்டில் கரையேறி, தானே குழி தோண்டி, தானே இட்டு, தானே மூடி, விடியும் முன்னே போய்விடுகிறாள். எனக்கு மிச்சம் வைப்பது தடம் மட்டும்தான். ட்ராக்டர் டயர் உருண்டதுபோல ஏறுகிற தடம் ஒன்று, இறங்குகிற தடம் ஒன்று, நடுவில் கிளறிய மண். தொடக்கத்தில் நான் அந்தக் குழியின் நடுவில்தான் அடையாளத் தடியை நட்டுவைத்தேன். நிரோஷா பார்த்துவிட்டு, "அன்ரி, முட்டை அதுக்க இரிக்காது, ஆமை மண்ண மூடிக்கொண்டே முன்னுக்கு நகந்திரும், நீங்க கொஞ்சம் அங்கால குத்தியிருந்தா முட்டையெல்லாம் உடைஞ்சு தாச்சிக்குள்ள போட வேண்டியதுதான்" என்றாள். அன்றையிலிருந்து தடியைத் தள்ளித்தான் வைக்கிறேன். படம் எடுத்து, இடத்தை அனுப்பிவிட்டு, நாயும் முட்டை தோண்டுகிறவர்களும் வராமல் இருக்கத் தென்னோலையை இழுத்துத் தடத்தை அழித்துவிடுவேன். ஓலையை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒருவரும் வந்து போகாத கரைதான் தெரியும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அந்த வேலையும் எனக்கு இல்லை, காற்றே மூடிவிடும்.

சில நாட்களில் ஏறின தடம் இருக்கும், இறங்கின தடம் இருக்கும், குழி இருக்காது. வந்து, பார்த்து, இடாமலே போயிருப்பாள். வெளிச்சமோ, நாயின் சத்தமோ, மண் பிடிக்கவில்லையோ, ஏதோ ஒன்று. அதையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். முதல் தடவை அப்படி ஒன்றைக் கண்டபோது பிரசவ வலியோடு வந்தவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினதுபோல எனக்கு மனம் கேட்கவில்லை. நிரோஷா சொன்னாள், அவள் கடலிலேயே இருப்பாள், வேறு நாள் வேறு இடத்தில் ஏறுவாள், கவலைப்படாதேயுங்கள் என்று.

பங்குனியில் ஒருத்தி பிந்திவிட்டாள். நான் போகும்போது கிழக்கு வெளுத்துவிட்டது, அவள் இன்னும் மண்ணை மூடிக்கொண்டிருந்தாள். குழுக்காரர் கருவியோடு காத்திருந்தார்கள். மூடி முடித்துத் திரும்பியதும் பலகையால் ஒரு சட்டம் வைத்து மறித்து, முதுகைத் துடைத்து, பசை பூசி, அந்தச் சின்னப் பெட்டியை ஒட்டினார்கள். பசை காயும்வரைக்கும் ஈரத்துணியால் அவளுடைய கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். கண்ணிலிருந்து கண்ணீர் வடிகிறது என்று நான் பதறினேன். அது உப்பை வெளியேற்றுவது, அழுகை இல்லை என்று சொன்னார்கள். சரி என்றேன். ஆனாலும் பிரசவ அறையில் பேசுவதுபோல அவளுடன் பேசிக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் பொறு கிளி, முடியப்போகுது, இனிப் போகலாம் என்று. சட்டத்தை எடுத்ததும் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அன்றைக்குக் கரையிலிருந்து வரும்போதுதான் நிரோஷாவிடம் கேட்டேன், ஆண் ஆமைக்கும் இப்படிப் பூட்டுவீர்களா என்று. "ஆண் ஆமைக்கு எப்பிடி அன்ரி பூட்டுற? அது கரைக்கே வாறேல்ல. பொரிச்சுக் கடலுக்க இறங்கினா அவ்வளவுதான், மறுகா மண்ணில கால் வைக்காது. பொம்புள ஆமையெண்டா முட்டையிட வரும், புடிக்கலாம்" என்றாள். அப்போ ஆண் ஆமைகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். நடுக்கடலில் பிடித்து ஒட்டினால்தான் உண்டு, மற்றப்படி அவ்வளவாய்த் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் தன் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். நான் வீட்டுக்கு வந்து இடியப்பம் அவித்தேன், சாப்பிடவில்லை. ஆமைக்கும் நமக்கும் ஒரே சட்டம் போட்டது யார் என்று யோசித்துக்கொண்டு குசினியில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நிரோஷா, பெட்டி பூட்டின அந்த ஆமை போகிற வழியைப் படமாய் வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள். மூச்செடுக்க மேலே வரும்போது பெட்டி ஒரு சைகை அனுப்புமாம், அது ஒரு புள்ளியாய் விழும். இன்னும் சில தடவை இந்தப் பக்கத்திலேயே முட்டையிட்டுவிட்டு, பிறகு வடக்கே போனாள். திருகோணமலை கழிந்து, முல்லைத்தீவு கழிந்து, பருத்தித்துறையைச் சுற்றிக்கொண்டு கடற்புல் மேயப் போகிறாள் என்றார்கள். நீ சனிக்கிழமைகளில் வரும்போது உனக்கும் காட்டினேன். "என்னப் பாக்கிறதவிட இதத்தானே பாக்கிறீங்க" என்று பகிடி விட்டாய். உண்மைதான். நீ ஞாயிறு பின்னேரம் வேலைக்கென்று கரடியனாற்றுக்குத் திரும்பினால், அடுத்த சனிவரைக்கும் அந்தப் புள்ளிதான் என்னோடு இருந்தது. ஒரு மனுசரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல் பொழுது சாய்ந்த நாட்கள் உண்டு மகன். டீவியைப் போட்டுவிட்டு மற்ற அறையில் இருப்பேன், ஆள் சத்தம் கேட்கட்டும் என்று. ஒரு சுண்டு அரிசியை ஆக்கினால் அடுத்த நாளும் பழஞ்சோறாய்க் கிடக்கும். இதையெல்லாம் நான் உனக்குச் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டதுதான் பிறகு பிழையான வழியில் வெளியே வந்தது.

ஆவணியில் சைகை நின்றது. நிரோஷா போன் எடுத்து, பயப்பட வேண்டாம், பட்டரி முடிந்திருக்கலாம், பெட்டி கழன்றிருக்கலாம், பாசி படிந்திருக்கலாம், ஆமை செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை என்று விளங்கப்படுத்தினாள். நான் அழவில்லை. சரி பிள்ளை என்று வைத்தேன். அந்த வாரம்தான் உனக்கு நாள் வைக்கப் போகிற ஏற்பாடு. ஆடி கழியட்டும் என்று பொறுத்திருந்து, வான் பிடித்து, வெற்றிலை வட்டாவை நானே துலக்கி, வாழைப்பழம், பலகாரம் எல்லாம் கட்டி, மாமாவின் கையில் கொடுத்து உங்களை அனுப்பினேன். நான் வரவில்லை. புருஷன் இல்லாதவள் முன்னுக்கு நிற்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. இந்த ஊரில் பாதிப் பிள்ளைகள் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான், அதில் யாரும் குறை சொன்னதில்லை. என் மகனுடைய காரியம் என்றதும் நானாகவே பின்னுக்கு நின்றுவிட்டேன்.

வான் தெருமுனையில் திரும்பி மறைந்ததும் படலையைச் சாத்திவிட்டு வந்து இருந்தேன். அந்த வீட்டில் அன்றைக்கு இருந்த அமைதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பேசாமல் எழும்பி முற்றம் கூட்டியிருக்கலாம். போனை எடுத்தேன். "ஓடி வா மகன், எனக்கு ஒரு மாதிரி இரிக்கு" என்றேன். நீ கூட்டத்தின் நடுவில் எழும்பி, அந்த வீட்டுப் பொடியனின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கச்சான் புழுதியில் வந்து நின்றாய். கண் இமையெல்லாம் மண். என்னம்மா என்று கேட்டபோது, ஆமையின் சைகை நின்றுவிட்டது, பயந்துபோனேன் என்று சொன்னேன். நீ ஏசவில்லை. சப்பாத்தையும் கழற்றாமல் குசினிக்குள் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாய். அங்கே வெற்றிலை வைத்தபடி கிடந்தது. நாள் வைக்காமல் எல்லோரும் எழும்பினார்கள். மாமா வந்து என்னைக் கேட்ட கேள்விகளை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இப்போது உண்மையைக் கேள். சைகை நின்றது அன்றைக்கு இல்லை. அதற்கு முன்னமே நின்றுவிட்டது, நானும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டேன். நான் உன்னைக் கூப்பிட்டது ஆமைக்காக இல்லை. எனக்கு ஒரு மாதிரியும் இருக்கவில்லை. கூப்பிட்டால் வருவாயா என்று பார்த்தேன். வந்தாய். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கும்போதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே விளங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை. நீ அதை வேறு விதமாய் விளங்கிக்கொண்டாய். அம்மா தளர்ந்துவிட்டா, புத்தி தடுமாறுகிறது, இனித் தனிய விட ஏலாது என்று முடிவு எடுத்தாய். அவர்களும் நல்ல சனம். மாப்பிள்ளை பாதியில் எழும்பிப் போனதற்கு ஒரு வார்த்தை சொல்லாமல், வருத்தக்காரத் தாயைக் கொண்டுவந்து வைத்திருங்கள் என்று புது வீட்டில் மேற்குப் பக்கத்து அறையை எனக்கு ஒதுக்கினார்கள்.

அந்த அறையைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். துஷாந்தியின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டே எல்லாம் காட்டினா. "மச்சாள், இது உங்கட அறை. இஞ்சால கிணறு, ஜன்னலத் துறந்தா வட்டை, வயல் காத்து நல்லா வரும்" என்றா. கட்டில், புது மெத்தை, மின்விசிறி, என் உயரத்துக்கு ஒரு கண்ணாடி. ஒரு குறையும் சொல்ல ஏலாது. மத்தியானம் எருமைத் தயிரோடு சாப்பாடு. சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன், துஷாந்தி பாய்ந்து வந்து வாங்கிவிட்டாள். பின்னேரம் விளக்குமாற்றைத் தொட்டேன், தாய் வந்து வாங்கிவிட்டா. சம்பந்தியை வேலை செய்ய விடுவது அவர்களுக்கு வெட்கக்கேடு, அதுவும் வழக்கம்தான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். ஆனால் தட்டைக் கழுவ விடாத வீட்டில் ஒரு மனுசி எத்தனை நாளைக்கு இருக்கலாம்? எவ்வளவு காலம் போனாலும் அங்கே நான் விருந்தாளிதான். நான் தனியாய் இருக்கிற வீட்டில் எனக்குத் தனிமை இருக்கிறது, மறைக்கவில்லை. அந்த அறையிலும் அதே தனிமைதான் வரும், சுற்றிவர ஆட்கள் இருப்பதால் அழக்கூட ஏலாது. ஆமை ஏறி வந்து பார்த்துவிட்டு இடாமல் திரும்பிப் போகுமே, அப்படித்தான் நானும் அன்றைக்கு வந்து போனேன்.

ஆனால் நீ அந்த வீட்டில் விருந்தாளியாய் இருக்காதே. இதுதான் நான் உனக்குச் சொல்கிற புத்தி. போன முதல் நாளே உன் தட்டை நீ கழுவு. வாங்க வருவார்கள், கொடுக்காதே. உன் அப்பா முதல் நாளே எங்கள் கிணற்றடியில் வாளியைப் பிடுங்கித் தானே அள்ளினார், அதனால்தான் இந்த வீடு அவருடையதும் ஆனது. மாமனாருடைய வட்டைக்குப் போனால் விவசாயப் போதனாசிரியர் என்பதைப் படலையில் கழற்றி வைத்துவிட்டுப் போ. அவர் கேட்டால் சொல்லு, கேட்காவிட்டால் வரம்பில் நின்று பார். துஷாந்தி தன் தாயோடு சண்டை பிடித்தால் நடுவில் போகாதே, அது உனக்கு முன்னமே தொடங்கினது. பிள்ளை பிறந்தால் எனக்குச் சொல்லு, நான் வந்து நின்று பார்த்துவிட்டு என் வீட்டுக்கு வருவேன். சனிக்கிழமைகளில் நீ வராவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. உனக்கு என்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிற நாளில் வா. பாவம் என்று தோன்றுகிற நாளில் வராதே, அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உன் முகத்தில் எனக்குத் தெரியும்.

இன்றைக்குக் காலையில் கடற்கரையிலிருந்து வந்ததும் துஷாந்தியின் தாய்க்கு நானே போன் எடுத்தேன். உன்னைக் கேட்காமல் எடுத்தேன், கேட்டிருந்தால் மறித்திருப்பாய். அன்றைக்கு எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, மகனைப் பிரிய மனமில்லாமல் கூப்பிட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "நாங்க என்ன குற விட்டமோ எண்டு இவர் அண்டையிலிருந்து சரியா நித்திர கொள்ளல்ல மச்சாள்" என்றா. அது என்னைக் குத்தியது. நாள் வையுங்கள், இந்த முறை வெற்றிலை வட்டாவை நானே தூக்கிக்கொண்டு முன்னுக்கு வருவேன், யாரும் ஏதும் சொன்னால் சொல்லட்டும் என்றேன். "அப்ப அறை, மச்சாள்?" என்று கேட்டா. "மாரிப்போகம் வெட்டினா நெல்லு மூட்டைய அடுக்குங்க" என்றேன். அவ சிரித்தா, நானும் சிரித்தேன். வருகிற வெள்ளிக்கிழமை நல்லது என்று முடிவாகிவிட்டது.

போனை வைத்துவிட்டு நன்றாய் அழுதேன் மகன். உனக்காக இல்லை, எனக்காகத்தான். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, பிறகுதான் இதை எழுத இருந்தேன். இனி இதைப் பற்றி நீ என்னோடு தர்க்கம் பண்ண வேண்டாம், காரியம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நீ எனக்குப் பக்கத்தில் நிற்காதே, துஷாந்திக்குப் பக்கத்தில் போய் நில். பெரியவர்கள் கதைத்து முடித்து நாள் வைத்து வெற்றிலை மாறும்வரைக்கும் அந்த இடத்தை விட்டு அசையாதே. நான் கூப்பிட்டாலும் எழும்பி வராதே.

அம்மா